பண்டிகைக்கு அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள்

ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று காய்ந்து சருகாகும் முன்பே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தீபாவளிப் பேச்சு தொடங்கிவிடும். போனஸ் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் கணக்கில் ஏறும், லீவு எத்தனை நாள், ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைத்ததா என்பதைத் தவிர கேன்டீனில் வேறு பேச்சு இருக்காது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கையில் இனிப்புப் பெட்டி இருக்கும். நிரந்தரத் தொழிலாளிக்குப் பெரிய பெட்டி, கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சின்னப் பெட்டி என்ற பாகுபாடும் சில இடங்களில் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

இதே நாள்களில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவில் ஒரு பட்டியல் தயாராகும். எந்த முதியோர் இல்லத்துக்கு வேட்டி சேலை, எந்தக் காப்பகத்துக்கு இனிப்பு என்ற பட்டியல். அதில் சில சமயம் கூர்நோக்கு இல்லமும் சேரும். சட்டத்துக்கு முரணாக நடந்ததாகச் சொல்லப்படும், 18 வயது நிரம்பாத பிள்ளைகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம் அது. குற்றம் நடந்தது என்று இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்தபின் அனுப்பும் இடம் சிறப்பு இல்லம். ஊர்ப் பேச்சில் இரண்டுமே சீர்திருத்தப் பள்ளிதான். அங்கே இருக்கும் பிள்ளைகளின் பண்டிகை நாளும் நன்றாகக் கழிய வேண்டும் என்று ஒருவர் நினைப்பதே நல்ல மனசு. அந்த மனசைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எது பண்டிகை என்று அவர்களையே கேட்டுவிட்டுச் செய்யலாம் என்கிறேன்.

குழந்தைகள் தினத்தையொட்டி அப்படி ஒரு இல்லத்தில் நடந்த நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஜமுக்காளம் விரித்துப் பையன்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். சுவரில் உபயதாரர் பெயர் போட்ட பேனர். வந்தவர்களில் மூன்று பேர் பேசினார்கள். தப்பு செய்வது இயல்பு, திருந்தி வாழ்வதே பெருமை என்பதுதான் மூவர் பேச்சின் சாரமும். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு விசாரணையே முடிந்திருக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து பொட்டலம் வாங்கிக்கொண்டார்கள். முகம் தெரியக் கூடாது என்பதற்காக முதுகுப் பக்கமாக நின்று படம் எடுத்தார்கள். முன்வரிசையில் ஒரு பையன் மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. காற்றை அழுத்தி எடுத்துவிட்டு, மடித்து, கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அருகில் நின்ற பணியாளரிடம் கேட்டேன். அம்மா பார்க்க வரும்போது தங்கைக்குக் கொடுத்துவிடுவதற்காக என்றார். "ஆனா அவங்க அம்மா வந்து ரொம்ப நாளாச்சு சார்" என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

அம்மா ஏன் வரவில்லை என்பதற்கு இந்தத் தொழில் வட்டாரத்தைத் தெரிந்தவர்கள் காரணம் தேட வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் மூலம் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கோ பேக்கிங் வேலைக்கோ போகும் பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் அன்றைய கூலி போகும். மாதம் முழுக்க வந்தால் தரும் ஊக்கத்தொகையும் சேர்ந்து போகும். சுங்குவார்சத்திரத்தின் உள்கிராமம் ஒன்றிலிருந்து செங்கல்பட்டுக்கோ சென்னை கெல்லீஸுக்கோ இரண்டு மூன்று பஸ் மாற வேண்டும். இல்லத்தில் பார்க்க அனுமதிக்கும் நேரம் அவருடைய ஷிப்டைக் கேட்டு வைத்ததல்ல. மகன் உள்ளே இருக்கிறான் என்பதை சூப்பர்வைசரிடம் சொல்ல முடியாது என்பதால் லீவு கேட்கவும் பொய் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஓர் இனிப்புப் பெட்டி கிடைக்கும். அவர் மகனுக்கும் அதே வாரத்தில் யாரோ ஓர் இனிப்புப் பெட்டி கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இரண்டு பெட்டியும் ஒரு வீட்டில் திறக்கப்படாது.

செங்கல்பட்டு இல்லத்தின் வரலாறு 1880-களிலேயே தொடங்குகிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டத்தின் கீழ் வந்தது அது. சிறுவர்களைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதற்காக இந்தியாவிலேயே முதன்முதலாக 1920-ல் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்ததும் சென்னை மாகாணம்தான். இவ்வளவு நீண்ட பாரம்பரியம் இருந்தும், 2022-ம் ஆண்டின் கடைசி நாளில் அந்த ஊர் இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். ரயில்வேயில் பேட்டரி திருடியதாகச் சொல்லிப் பிடிக்கப்பட்டு, அங்கே அனுப்பப்பட்டு இரண்டு மூன்று நாள்கூட ஆகியிருக்கவில்லை. உடலில் அடித்த காயங்கள் இருந்தன. நீதித் துறை நடுவர் விசாரித்தார். பொங்கலுக்குள் இல்லப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். அவன் பெயர் அப்போது எல்லா நாளிதழ்களிலும் வந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது என்பதால் நான் எழுதவில்லை. அந்த வருடம் அவன் வீட்டில் பொங்கல் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதன் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. மாநிலத்தின் இல்லங்களைப் பார்த்து 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். இந்தப் பிள்ளைகளுக்கென்று தனி நிர்வாக அமைப்பு வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று. கட்டடம், படுக்கை, உணவு, பணியாளர் என்று திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. நான் இங்கே பேசுவது அவற்றில் எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்த ஒன்றை. ஒரு பிள்ளை பண்டிகைக்குத் தன் வீட்டில் இருக்க வேண்டும்.

இதற்குப் புதிதாகச் சட்டம் போட வேண்டிய தேவையில்லை. இப்போதுள்ள இளைஞர் நீதிச் சட்டம் நிறைவேறியது 2015-ல். நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 15. அந்த வருடம் தைப்பொங்கல் அன்றுதான். தற்செயல்தான் என்றாலும் எனக்கு அது மறக்காத தேதி.

அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு, பெரியவர்களுக்கான ஜாமீன் சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமா, விட முடியாத குற்றமா என்ற கேள்வியே பிள்ளைகளுக்குக் கிடையாது. விடுவிப்பதுதான் விதி, பிணையாள் இருந்தாலும் விடலாம், இல்லாவிட்டாலும் விடலாம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடலாம், பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைக்கலாம். மறுப்பதற்கு மூன்று காரணங்களை மட்டுமே சட்டம் ஏற்கிறது: தெரிந்த குற்றவாளிகளோடு அவன் சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடலாலோ மனதாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து நேரும், நீதியின் நோக்கம் கெடும். ஜாமீன் கொடுத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாளாக ஒரு பிள்ளை உள்ளேயே இருந்தால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காக அவனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பணமும் பிணையாளும் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளை உள்ளே கிடக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள்.

இந்த வட்டாரத்தில் அப்படிக் கிடப்பது யார் என்று பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அண்ணனோடு வந்து தகர ஷெட்டில் தங்கியிருக்கும் பையனுக்கு உள்ளூரில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. அவன் பேசும் மொழி அங்கே யாருக்கும் தெரியாது. அப்பா ஊரில் இருக்கிறார். அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம். உள்ளூர்ப் பையன்களில், நிலத்தை சிப்காட்டுக்கு விட்டபோது வந்த பணம் கரைந்துபோன குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு விவசாயமும் இல்லை, தொழிற்சாலைக்குள் வேலையும் இல்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இல்லத்தில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் விடுப்பு கொடுக்கக் குழுமத்துக்கு 98-வது பிரிவு அதிகாரம் தருகிறது. தேர்வு, உறவினர் திருமணம், நெருங்கியவர் மரணம், பெற்றோருக்கு விபத்து அல்லது கடும் நோய் போன்ற சிறப்புத் தருணங்களில், மேற்பார்வையோடு, பயண நேரம் நீங்கலாகப் பொதுவாக ஏழு நாளுக்கு மிகாமல் அனுப்பலாம். அந்த நாள்கள் அவன் இல்லத்தில் இருந்த காலமாகவே கணக்கில் சேரும். திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அதே பிரிவில் வழி சொல்லியிருக்கிறது. பட்டியலில் பண்டிகை என்ற சொல் இல்லை. பட்டியல் உதாரணத்துக்குத்தான் என்பதால், மனம் இருந்தால் இப்போதே கொடுக்கலாம். தயங்குகிற குழுமங்களுக்காக, தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு இளைஞர் நீதி விதிகளில் பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று வெளிப்படையாகச் சேர்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது. குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை நினைத்தால் அடுத்த பண்டிகைக்குள் நடக்கக்கூடிய காரியம் இது.

எல்லாரையும் ஒரே நேரத்தில் பரிசீலிப்பது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நடந்திருக்கிறது. கொரோனா பரவியபோது, 2020 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், கூர்நோக்கு இல்லங்களில் உள்ள பிள்ளைகளை, தக்க காரணம் இருந்தாலொழிய, ஜாமீனில் விடுவிக்கப் பரிசீலிக்குமாறு நீதிக் குழுமங்களுக்கு உத்தரவிட்டது. தேவையானால் இணையவழியில் அமர்வு நடத்தவும் சொன்னது. நோய்க்குப் பயந்து செய்ய முடிந்ததைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சிறப்பு அமர்வாக ஒவ்வொரு மாவட்டத்திலும் செய்ய முடியாதா? யார் யாருக்கு ஜாமீன் கொடுத்தும் வெளியே போகவில்லை, யாருடைய விசாரணை சட்டம் சொல்லும் நான்கு மாதத்தைத் தாண்டிவிட்டது, யாரை நாலு நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அன்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் போதும்.

பெரியவர்களுக்கு நாம் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. தண்டனை பெற்ற கைதிகள் சாதாரண விடுப்பிலும் அவசர விடுப்பிலும் வீட்டுக்குப் போய்வரத் தமிழ்நாட்டில் 1982-ம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. அண்ணா நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பரில் ஆயுள் கைதிகள் 1,405 பேரை ஒரே நாளில் விடுவித்த மாநிலம் இது. அது தவறு என்று நான் சொல்லவில்லை, மனிதாபிமானமுள்ள காரியம். தண்டனை பெற்ற பெரியவர்களிடம் காட்டிய அந்தத் தாராளம், குற்றமே நிரூபணமாகாத 16 வயதுப் பையனிடம் வரும்போது சுருங்கிவிடுகிறது. 1990-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறார் பாதுகாப்பு விதிகள், பிள்ளைகளை வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து வர வெளியே அனுப்ப வேண்டும் என்றே சொல்கின்றன. குடும்பத்தார் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பதை இயல்பாகவும், மாதம் ஒருமுறையைக் குறைந்தபட்சமாகவும் அவை வைக்கின்றன.

இந்த இடத்தில் வாசகருக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளில் சிலர் ஆளை வெட்டியவர்கள். வெட்டுப்பட்டவர் வீட்டிலும் தீபாவளி வரும். அங்கே விளக்கு எரியாது. அந்தக் குடும்பத்தின் கண்முன்னால், அதே தெருவில், இவன் புதுச்சட்டை போட்டு நடப்பதை யாரும் கேட்க முடியாது, நானும் கேட்கவில்லை. மறுப்பதற்கான காரணங்களைச் சட்டம் வைத்திருப்பது இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களுக்குத்தான். அப்படிப்பட்டவனுக்குப் பாட்டி ஊரோ சித்தி வீடோ பார்க்கலாம், அதுவும் இல்லையென்றால் மறுக்கலாம். பெயர் பெயராகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், படப்பை பக்கம் தொழிற்சாலைகளின் ஸ்கிராப் எடுக்கும் தொழிலைச் சுற்றி எத்தனை கும்பல்கள், எத்தனை கொலைகள் என்பது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கும்பல்களுக்கு 17 வயதுப் பையன் வசதியானவன். பைக் ஓட்டுவான், சொன்னதைச் செய்வான், மாட்டிக்கொண்டாலும் பெரிய தண்டனை இல்லை என்று சொல்லியே அவனை அனுப்புவார்கள். பிள்ளைகளைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-வது பிரிவு சொல்கிறது. பையனைப் பிடித்த ஒவ்வொரு வழக்கிலும் அவனை அனுப்பியவர்மீது இந்தப் பிரிவைப் போட்டார்களா என்று கேட்க வேண்டும். அப்படிப்பட்ட பையனை வீட்டுக்கு அனுப்பும்போது வாசலில் யார் காத்திருப்பார்கள் என்ற கவலை குழுமத்துக்கு இருப்பது நியாயமே. அந்த வாசலில் நன்னடத்தை அலுவலர் ஒருவர் போய் நிற்க வேண்டும். அதற்குப் போதுமான அலுவலர்களை நியமிக்காமல், பையனை உள்ளேயே வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று சொல்வதை ஏற்க முடியாது.

எப்படிப் பார்த்தாலும் சிலர் உள்ளே இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கான பண்டிகையை அவர்களே செய்யட்டும். விழா நாள்களில் சிறப்பு உணவு தர விதியிலேயே இடம் உண்டு. கேட்டரிங்காரர் கொண்டுவரும் பாத்திரத்தின் முன்னால் வரிசையில் நிற்பதைவிட, முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டி, பானைக்கு மஞ்சள் கட்டி, பால் பொங்கும்போது கத்த விட்டால் அது பொங்கல். வெங்காயம் உரிக்கிறவன், தேங்காய் துருவுகிறவன், கோலம் போடத் தெரிந்தவன் என்று எல்லாருக்கும் வேலை இருக்கும். பணியாளர்களும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அவர்களும் அன்றைக்கு வீட்டையும் குழந்தைகளையும் விட்டு வந்தவர்கள்தான். அவர்களுக்கு அன்று இரட்டைச் சம்பளம் கொடுப்பதும் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மைதான். பேச்சு வேண்டாம், பேனர் வேண்டாம். ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோ காலில் அவன் தாய்மொழியில் பேச அரை மணி நேரம் கொடுங்கள்.

இனி நிறுவனங்களிடம் வருகிறேன். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கார், லாரி, பைக், டயர், செல்போன், கண்ணாடி என்று இந்த வட்டாரத்திலிருந்து வெளியே போகாத பொருள் இல்லை, பணத்துக்குப் பஞ்சமில்லை. படத்தில் விழாத செலவுகளை ஏற்கச் சொல்கிறேன். பார்க்க வரும் அம்மாக்களுக்குப் பஸ் செலவும் அன்றைய கூலியும் கொடுக்கலாம். தீபாவளி அன்று ஷெட்டில் நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஒன்றை, சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில் வழியாகச் செங்கல்பட்டுக்கு விடலாம். ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் குழுமத்தில் உட்கார வைக்கலாம். தங்கள் கான்ட்ராக்டர்களிடம், இல்லத்தில் பிள்ளை இருக்கும் தாய்க்கு மாதம் ஒரு நாள் காரணம் கேட்காமல் லீவு கொடுங்கள் என்று சொல்லலாம். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு டீலர் மாநாட்டின் சாப்பாட்டுச் செலவுக்குக் கிட்டத்தில்கூட வராது.

அதைவிட முக்கியமானது வேலை. 18 வயதுக்குள் தொழிற்சாலையின் ஆபத்தான பணிகளில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. ஆனால் இல்லத்தில் இருக்கும் காலத்திலேயே வெல்டிங்கும் எலெக்ட்ரிகலும் முறையாகக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழ் வாங்கித் தரலாம். அரசு ஐடிஐகளில் 71 நிலையங்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து நவீனமாக்கிய மாநிலம் இது. அந்த இயந்திரங்களில் கைபழக இல்லத்துப் பையன்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். வெளியே வந்தபின் 21 வயது வரை பின்பராமரிப்பு தரவும் இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருகிறது.

அப்படிக் கற்றுக்கொண்டு, 18 முடிந்து, ஒரகடம் தொழிற்சாலை ஒன்றின் கேட்டில் பயோடேட்டாவோடு நிற்பவனுக்கு ஒரு படிவம் கொடுப்பார்கள். உங்கள்மீது எப்போதாவது வழக்கு இருந்ததா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். கூடவே போலீஸ் சரிபார்ப்பும் உண்டு. சட்டத்தின் 24-வது பிரிவு, சிறுவயது வழக்கால் யாருக்கும் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. 16 வயதைத் தாண்டியவர்களின் கொடுங்குற்றங்கள் மட்டுமே விதிவிலக்கு. மற்றவர்களின் ஆவணங்களை அழித்துவிட வேண்டும் என்கிறது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் வேலை மறுக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், சிறுவயதில் இருந்த வழக்கை வேலைக்குத் தடையாகக் காட்ட முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. துப்பாக்கி ஏந்தும் படைக்கே இதுதான் சட்டம் என்றால், போல்ட் முடுக்கும் வேலைக்கு என்ன தயக்கம்? இந்தத் தீபாவளிக்கு இனிப்பு வாங்கும் முன், சமூகப் பொறுப்புப் பிரிவினர் தங்கள் நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒருமுறை போய், அந்தக் கேள்விக்குக் கீழே "18 வயதுக்கு முந்தையவை தவிர" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லட்டும். கான்ட்ராக்டர்கள் கொடுக்கும் படிவத்திலும் அதே வரி வர வேண்டும், ஏனென்றால் இவர்களில் பெரும்பாலோர் முதலில் நிற்கப்போவது அந்த வரிசையில்தான்.